கை வைத்த ரவிக்கை

நைகாவ் ஸ்டேஷனில் இறங்கி
உப்பளம் தாண்டி ஆட்டோவில் இருபது நிமிஷம்.
தகரக் கொட்டகைக்குள் ஒரு அரண்மனை.
அதன் பின்வாசலில், ஜெனரேட்டர் இரைச்சலில்
என் இஸ்திரிப் பலகை.

முந்நூற்றுப் பன்னிரண்டாம் எபிசோட்.
ஓஜஸ்வி மாடிப்படி இறங்குகிறாள்.
கழுத்தில் ஒரு முடிச்சு, இடுப்புக்குமேல் ஒரு முடிச்சு,
நடுவே எட்டு அங்குலம் வெறும் முதுகு.
நான் அளந்தது, எட்டேதான்.
சேனலில் ஒன்பது கேட்டார்கள்,
யாரோ புகார் எழுதியதும் ஏழு என்றார்கள்,
அஷ்ஃபாக் மாஸ்டர் பீடியை அணைத்துவிட்டு
எட்டில் கத்தரி வைத்தார்.

கெட்டவள் அவள்.
அதனால் கை இல்லாத ரவிக்கை.
கம்பெனி வாங்குவாள், விற்பாள்,
விவாகரத்துப் பத்திரத்தில் முதல் கையெழுத்து அவளுடையது,
மாமனார் நாற்காலியில் கால்மேல் கால் போடுவாள்.
வாயைத் திறந்தால் மூன்று முறை இடி இடிக்கும்.

நல்லவளுக்கு முழங்கை மறைய கை.
முக்காடு நழுவாதிருக்க இருபத்தேழு ஊசி,
தூங்கும்போதும் ஒட்டியாணம்.
குடும்பத்தைக் காப்பாற்ற ஓடுகிற ஓட்டத்தில்
ஒரு ஊசி வாய் திறந்து தோளில் இறங்கும்.
அன்றைக்குக் கிளிசரின் மிச்சம்.
ஒரே ஒருநாள் ஜீன்ஸ் கொடுத்தார்கள் அவளுக்கு.
அது கனவுக் காட்சி.
விழித்ததும் மன்னிப்புக் கேட்டாள்.

சாப்பாட்டு இடைவேளையில்
ஓஜஸ்வியைக் கழற்றி ஹேங்கரில் மாட்டிவிட்டு
தொளதொள பைஜாமாவில் வருவாள்
பட்டிண்டாக்காரி குர்நூர்.
முழங்காலில் போன வருஷத்து மஞ்சள் கறை.
ராஜ்மாவை விரலால் வழித்தபடி சொன்னாள்:
குருத்வாராவில் அம்மாவைக் கேட்டார்களாம்,
டீவியில் வருவது உங்கள் பெண்ணின் முதுகா என்று.
"முகம்தான் என்னுது, முதுகு வாடகைக்கு எடுத்ததுன்னு
சொல்லச் சொல்லிட்டேன், தாயி."
சிரித்ததில் புரையேறியது.

வியாழக்கிழமை ரேட்டிங் வந்தது, கீழே.
மதியத்துக்குள் எழுத்தாளர் அறையிலிருந்து ஒரே வரி:
ஓஜஸ்வி திருந்துகிறாள்.
எதனால், எப்படி, எதுவும் எழுதவில்லை.
என்னிடம் மட்டும் வந்து சொன்னார்கள்:
எல்லா ரவிக்கைக்கும் கை வைத்துவிடு.

பதினான்கு ரவிக்கை, ஒரு ராத்திரி.
அதே நிறத்தில் துணி கிடைக்காமல்
அவள் முந்தானைகளையே வெட்டினோம்.
ஒரு பெண் நல்லவளாக
அரை மீட்டர் போதும்.

மறுநாள் அவளை நிற்கவைத்து
இடது கையைப் பொருத்திக்கொண்டிருந்தேன்.
லைட்பாய் தின்கர் வாசலில் நின்று
யாரிடமோ சொல்வதுபோல் சொன்னான்:
தொண்ணூறு நாளில் வரவேண்டிய கூலி
நூற்றைம்பது நாளாச்சு, மகளுக்குப் பள்ளியில் பேர் எடுத்துவிட்டார்கள்.
"உனக்கு, தாயி?" என்றாள் குர்நூர்.
என் வாயில் ஊசிகள் இருந்தன.
தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்படியே நடந்தாள்.
கீழே பைஜாமா, மேலே ஜரிகை,
இடப்பக்கம் திருந்தியவள், வலப்பக்கம் திருந்தாதவள்.
தயாரிப்பாளரின் கண்ணாடி அறைக் கதவை
தட்டாமல் திறந்தாள்.
கேமரா எதுவும் திரும்பவில்லை.
இடி, ஒன்றுகூட இல்லை.
வெளியே நின்ற எங்களுக்கு ஏ.சி.யின் இரைச்சல்தான் கேட்டது.
சற்றுப் பொறுத்து இருபத்தேழு ஊசியோடு
நல்லவளும் வந்தாள், பியாலி,
நாங்கள் வழிவிட, உள்ளே போய் பக்கத்தில் நின்றாள்.
கதைப்படி அன்று காலைதான்
இருவரும் ஒருவரையொருவர் அறைந்திருந்தார்கள்.

செவ்வாயன்று பாதிப் பணம் வந்தது.
வெள்ளியன்று ஓஜஸ்வி
காரோடு பள்ளத்தில் விழுந்தாள்.
உடல் கிடைக்கவில்லை. கிடைக்காது.
இன்னொரு முகம் வந்து மாட்டிக்கொள்ள
பதிமூன்று ரவிக்கையும் தயாராயிருக்கின்றன.
பதினான்காவது என் பையில்.

ராத்திரி விரார் லோக்கல், பெண்கள் பெட்டி.
எதிரே மீன்கூடையை மடியில் வைத்தவள்
போனில் அந்தப் பள்ளத்தைப் பார்த்து முடித்தாள்.
"செத்தாளா சனியன், நல்லாப் போச்சு" என்றாள்.
நாலசோபாராவுக்குள் ரயில் நுழைகையில்
பக்கத்தில் இருந்தவளிடம், குரலைத் தாழ்த்தி,
"ஆனா அந்த ரவிக்கை...
முதுகு எத்தனை அங்குலம் வெச்சா
அப்படி நிக்கும்?"

எட்டு, என்றேன், எழுந்தபடி.
கொஞ்சம் நிமிர்ந்து நிற்கணும்.