செக்கர்

பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் நான் செக்கர்.
மணிக்கு நாற்பது சட்டை
என் விரலுக்கடியில் போகும்.
காலர் முனை, பட்டன் கண்,
அக்குளில் ஒளிந்த விட்டுப்போன தையல்.
பிழை கண்ட இடத்தில்
சின்னதாய்ச் சிவப்பு அம்பு ஒட்டி
ஆல்டருக்குத் தள்ளிவிடுவேன்.
எட்டு வருஷமாக
என் மேசை தாண்டிப் போன எதுவும்
திரும்பி வந்ததில்லை.

பல் கல்லூரி நாற்காலியில்
என் மடிமேல் மோனிஷ். மூன்றரை வயது.
பீதர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி
குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டு
ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு,
அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று
எழுதச் சொன்னாள்.
வாயில் இருப்பதே இருபது பல்.
அறுபது எங்கிருந்து வந்தது?
கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அவன்தான் கேட்டான்:
"பூச்சியப் புடிச்சிட்டாங்களா?"

பூச்சியில்லைடா.
நம் சுவர் ஒற்றைச் செங்கல்.
நீ அழுதால் அந்தப் பக்கம் கங்கம்மா இடிப்பாள்.
உன் அப்பாவுக்கு ஒயிட்ஃபீல்டில் நைட் டியூட்டி.
உன் உதடு கோணும் முன்பே
ரெண்டு ஸ்பூன் சர்க்கரை கலந்த பாட்டிலைச் செருகி
திரும்பிப் படுத்துக்கொள்வேன்.
தூக்கத்தில் எச்சிலும் தூங்கிவிடுமாம்.
பால் மட்டும்
பல்லோடு விழித்திருக்குமாம்.

"மொதல்ல ஈறோரம் வெள்ளையா ஒரு கோடு வந்திருக்குமே,
சாக்பீஸ் மாதிரி. பாக்கலையா?"

பார்த்தேன்.
தீபாவளிக்கு முந்தின வாரம்.
பால்தான் ஒட்டியிருக்கிறதென்று
துப்பட்டா முனையால் துடைத்தேன்.
போகவில்லை.
ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது.

அப்போதே வந்திருந்தால்
மருந்து தடவியே நிறுத்தியிருக்கலாமாம்.
அதாவது, ஆல்டர்.
இப்போது ரெண்டை அடைத்தார்கள்.
ரெண்டு ரிஜெக்ட்.

பால்பல்தானே, விழுந்தா முளைக்கும் என்று
லைனில் எல்லோரும் சொன்னார்கள்.
நானும்தான் சொன்னேன்.
முளைக்க மூன்று நாலு வருஷம் ஆகும்,
அதுவரை முறுக்கை எதால் கடிப்பான்
என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

பஞ்சைக் கடித்தபடி பஸ்ஸில் வந்தான்.
சில்க்போர்டு சிக்னலில் முக்கால் மணி.
பாலத்துக்கு மேலே செக்கர் வானம்,
பஞ்சிலும் அதே நிறம்.
எட்டு வருஷமாய்க் கழுத்து அட்டையில் தொங்கும் சொல்,
இதுவரை
இப்படிப் படித்ததில்லை.

மூன்றாம் ராத்திரி.
பாட்டிலில் வெறும் தண்ணீர்.
கண்டுபிடித்துவிட்டான். வீசினான். அலறினான்.
டக், டக், கங்கம்மா.
நாளைக்கு அவளிடம்
எனக்குத் தெரிந்த கன்னடத்தில் பேசிக்கொள்ளலாம்.

செல்போன் டார்ச்சைத் தோளில் இடுக்கி,
பட்டாணியளவு பேஸ்ட் வைத்து,
அவன் தலையை மடியில் சாய்த்து
மேல் வரிசை, கீழ் வரிசை,
நாக்குப் பக்கம், கன்னப் பக்கம்.
ஒரு சட்டைக்கும் நான்
இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

விரலைக் கடித்தான்.
கடிக்கட்டும்.
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்:
சிவப்பாய்ப் பல் பதிந்த வளைவு,
நடுவில்
ரெண்டு பல் அகலத்துக்கு
ஒன்றும் இல்லை.