சிவப்பு அம்பு

மாதத்தின் மூன்றாம் ஞாயிறு, மூன்று மணி.
ஷிப்மென்ட் இருந்தால் நாலரை.
அனுப்பர்பாளையத்தில் லேபிள் அச்சடிக்கும் கடையின் மாடி.
கட்டிங் மேசையில் பஞ்சைத் துடைத்துவிட்டு
வீட்டுக்கொரு பிரதியாக விரிப்போம்.
ஆறு அம்மாக்கள், ஆறு மகள்கள்.
ஒரு டஜன் கணக்குச் சரியாக வந்ததில்
எனக்கோர் அற்பப் பெருமை.

விதிகள் இரண்டே.
அம்மாவுக்குப் பக்கத்தில் மகள் உட்காரக் கூடாது.
"எங்க பாப்பா என்ன சொல்ல வர்றான்னா"
என்று எவரும் ஆரம்பிக்கக் கூடாது.
முதல் மாதம் இரண்டாவதை
ஏழு முறை மீறினோம்.
நாலு முறை நான்.

கோகிலவாணி செக்கிங் பிரிவு.
பத்து வருசமாகப் பனியனில் ஓட்டை தேடும் கண்.
தையல் பிசகிய இடத்தில் ஒட்டுகிற
சிவப்பு அம்பு ஸ்டிக்கரோடுதான் நாவல் படித்திருக்கிறாள்.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஓர் அம்பு,
ஐம்பத்தாறில் இரண்டு.
"கதை எழுதுனவங்க மேல குத்தமில்லீங்க்கா.
இங்கெல்லாம் எனக்கு நூல் விட்டுப்போச்சு."
அடுத்த மாதம்
வீட்டுக்கு ஒரு ஷீட் அம்பு கொடுத்தாள்.
ராத்திரி ஷிப்ட் முடித்து வரும் ஷாஹிதா
முதல் அம்பைத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு
கண்ணை மூடிக் கதை கேட்டாள்.

சுலோச்சனாவின் பிரதி மட்டும்
அறுபத்திரண்டும் அறுபத்துமூன்றும்
ஸ்டேப்ளர் அடித்து மூடி வந்தது.
கதைப் பெண் வயசுக்கு வரும் பக்கங்கள்.
"ஏனுங்க்கா, இதையெல்லாம் புள்ளைங்க படிக்கோணுமாங்க?"
பிள்ளைகள் மேசைக்கடியில் காலை இடித்துக்கொண்டார்கள்.
அவள் மகள் வர்ணிகா, ஆறாவது படிப்பவள்,
மேசையில் விரலால் கோடிழுத்தபடி
அறுபத்திரண்டை ஒப்பித்தாள்
முற்றுப்புள்ளி பிசகாமல்.
கம்பியைப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு
அதே துளையில் திரும்ப மாட்டவும் தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரம் கீழே
அச்சு மிஷின் மட்டும் பேசியது.
பிறகு சுலோச்சனாதான் முதலில் சிரித்தாள்,
சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு,
கண்ணில் தண்ணீர் வர.
"எங்கம்மா எங்கிட்டச் சொன்னது
ஒரே வார்த்தைங்க. ஓடாத.
அவ்வளவுதான்."
அன்றைக்குக் கொண்டுபோன போண்டா
முழுசாகத் திரும்பி வந்தது.

ஆனி மாதம் என் மகள் தன்ஷிகா சொன்னாள்,
"இனி நான் வரலம்மா."
ஏனென்றேன்.
"அங்க நீ வேற குரல்ல பேசுற."
அவளைச் சமாதானம் செய்ய
ஏற்ற புத்தகம் எதுவென்று
இரண்டு நாள் தேடினேன்.
அவள் சொன்ன குற்றமே அதுதான் என்பது
புஷ்பா தியேட்டர் சிக்னலில்
வண்டி நிற்கையில் உறைத்தது.

மகள் இல்லாத அம்மாவுக்கு
விதிப்படி இடமில்லை.
விதி எழுதியவள் நான்.
பதினொரு பேர் முகம் பார்த்து நிற்க,
கோகிலவாணி மகள் மௌலிகா
காலி நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்:
"ஆன்ட்டி, எங்க பக்கம் வாங்க."
உட்கார்ந்ததும் கேட்டாள்,
"உங்கம்மாகிட்ட நீங்க மறைச்சது என்னங்க?"

நாற்பத்திரண்டு வயசு.
மூன்று தெரு தள்ளி என் அம்மா
சீரியல் பார்த்துக்கொண்டிருப்பாள்.
தொண்டை வரண்டது.
சொன்னேன்.
அது மேசையைத் தாண்டக் கூடாதென்பது
அன்றைக்கே பிள்ளைகள் போட்ட மூன்றாம் விதி,
அதனால் இங்கே எழுத முடியாது.

நேற்று வாஷிங் மிஷின் மேல் கிடந்த
என் பிரதியைப் புரட்டினேன்.
எண்பத்தெட்டில் ஓர் அம்பு.
நான் ஒட்டியதில்லை.
கதைப் பெண்ணின் அம்மா
சாத்திய கதவின் முன் நின்று
தட்டாமல் திரும்பிப் போகும் பக்கம்.
அம்பு எந்த வரியைக் காட்டுகிறதென்று
புத்தகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.
கொஞ்சம் கோணலாக ஒட்டியிருக்கிறது.
உள்ளறையில் இயர்போனும் அவளும்.
கேட்கவில்லை.

இந்த ஞாயிறு கன்டெய்னர் ஏறுகிறதாம்,
ஐந்துக்குத்தான் கூட முடியும்.
நாற்காலி
பன்னிரண்டே போடச் சொல்லியிருக்கிறேன்.