சன்ஷேடில் மறந்த பாட்டில்

நெல் அவித்த தண்ணீருக்கு
முதல் நாள் கஞ்சி வாசம்.
இரண்டாம் நாள் புளிப்பு.
மூன்றாம் நாள், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கிறவன்
மூக்கைப் பொத்திக்கொண்டு
எங்கள் மில் பெயரைச் சொல்வான்.

ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் லிட்டர்.
வடிகாலில் திறந்துவிட்டால் வைரக்கண்ணு வருவார்,
கையில் செத்த கெளுத்தியோடு.
பேச மாட்டார்.
ஆபீஸ் மேஜையில் மீனை வைத்துவிட்டுப் போவார்.

ஏழாவது மீன் வந்த வாரம்
தஞ்சாவூரிலிருந்து தமீமுன்னிசா வந்தாள்,
ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் ஒரு கேன்.
உள்ளே பீட்ரூட் அவித்த தண்ணீர் மாதிரி ஏதோ.
"உயிரோட இருக்குக்கா, வெயில்ல வைங்க"
என்று கன்றுக்குட்டியைக் கைமாற்றுகிறவள் போல் கொடுத்தாள்.

மூடிய கண்ணாடித் தொட்டிகள் நான்கு.
வெயில் நுழையலாம், காற்று நுழையக் கூடாது.
கண்ணுக்குத் தெரியாத அதுகள்
எங்கள் புளிப்பைத் தின்னும், பெருகும்.
பெருகியதை வடித்துக் காயவைத்தால் மாவு.
நூறு கிராமில் ஐம்பத்தெட்டு புரதமாம்,
உளுந்தில் அதில் பாதிகூடக் கிடையாதாம்.
நான் உளுந்தின் பக்கம் நின்றேன்.

ஆனாலும் தினமும் போய்ப் பார்த்தேன்.
முதலில் தேயிலை நிறம், அப்புறம் செம்பு,
பதினெட்டாம் நாள்
நாவற்பழம் தின்ற நாக்கு.

பத்தொன்பதாம் நாள் இன்ஸ்பெக்ஷன் என்று போன்.
இருபது வருஷம் தொட்டி கழுவினவள் நான்.
அதிகாரி வருகிறார் என்றால்
என் கை தானாகப் பிளீச்சிங் பவுடர் சாக்குக்குப் போகும்.
தொட்டிக்கு இரண்டு படி.
யாரும் சொல்லவில்லை,
அமலோற்பவம் தானாகச் செய்தாள்.
விடிந்தபோது நான்கும்
அரிசி களைந்த தண்ணீராய் வெளுத்துக் கிடந்தன.
"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே" என்று அதிகாரி பாராட்டினார்.

தமீமுன்னிசா திட்டவில்லை.
கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு
ரொம்ப நேரம் நின்றாள்.
எத்தனை கோடி இருந்திருக்கும் என்று
கேட்க வாய் வந்து, விழுங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றேன்.
இதை எந்தக் கட்டளைக்குக் கீழே சொல்வது?
எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கையில்
வரிசையை விட்டு வந்துவிட்டேன்.

சன்ஷேடில் உமிச்சாம்பல் கூட்டப் போனது பங்குனியில்.
புறா எச்சத்துக்கும் அறுந்த செருப்புக்கும் நடுவில்
ஒரு சோடா பாட்டில்.
முதல் வாரம் சாம்பிளுக்கென்று நிரப்பி,
மூடி இறுக்கி,
போன் வந்ததால் வைத்துவிட்டு இறங்கியது.
ஒட்டிய தாளில் என் கோணல் எழுத்து.
உள்ளே அடர் ஊதா.
சாய்த்தேன்,
அடியிலிருந்து புகை மாதிரி எழும்பிச் சுழன்றது.

"திறக்காதீங்கக்கா" என்றாள் போனில்.
"திறக்கவே திறக்காதீங்க, வர்றேன்."
அவள் வரும்வரை பாட்டிலை மடியில் வைத்திருந்தேன்,
வெயில் பக்கமாகத் திருப்பி.

ஆடியில் முதல் மூட்டை முத்துப்பேட்டைக்குப் போனது.
இறால் பண்ணை ஜெகபர் பாய் ஒரு பிடி அள்ளி,
முகர்ந்து, நாக்கில் தொட்டு,
கருவாட்டுத் தூள் விலையிலிருந்து பேரத்தை ஆரம்பித்தார்.
இறால்கள் பேரம் பேசவில்லை,
தட்டு காலியாக மேலே வந்தது.
கப்பலேறிப் போகிற இறால்.
நான் தின்று பார்க்கப் போவதில்லை.

ஐப்பசியில் வைரக்கண்ணு வந்தார்.
வாத்துகளுக்கு ரெண்டு கிலோ வேண்டுமாம்.
கட்டிக் கொடுத்தேன்.
காசை எண்ணி வைத்துவிட்டு வாயைத் திறந்தார்:
"அந்த ஏழு மீன் கணக்கு தனி."

பிளீச்சிங் சாக்கு இப்போது பீரோவுக்குள் இருக்கிறது.
சாவி என்னிடம் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.
இன்றும் வாசலில் ஜீப் நிற்கிற சத்தம் கேட்டால்
என் வலது கை
அந்தப் பக்கமாக லேசாக அசைகிறது.