ஒன்பது மணிக்கு முன்

லெபோ பந்தாயில் போன வருஷம் திறந்த
பழைய கடை.
துருவைக்கூடத் தூரிகையால் தீட்டியிருக்கிறார்கள்.
சுவரில் விரலால் சுழற்றும் கறுப்புத் தொலைபேசி.
அதன் வயர் பலகைக்குள் நுழைந்து
எங்கேயும் போகவில்லை, எட்டிப் பார்த்தேன்.

பசியாறிட்டுப் போவோமே என்றது குணாளன்தான்.
கார் நிறுத்த இடம் கிடைத்துவிட்ட உற்சாகம் அவனுக்கு.
ஒன்பது மணிக்கு லெபோ லைட்டில் நீதிமன்றம்.
நடந்தால் ஏழு நிமிடம், அவன் கணக்கில்.
என் கணக்கில் பத்து.
இந்த மூன்று நிமிடத்துக்குத்தான்
பதினோரு வருஷமும் சண்டை போட்டோம்.

பக்கத்து மேசையில் ஈப்போக் குடும்பம் ஒன்று
நாசி லெமாக்கைத் தொடவிடாமல்
படம் எடுத்துக்கொண்டிருக்கிறது.
பசித்த பையன் ஒரு நெத்திலியைத் திருடுகிறான்.
"எடுத்த எடத்துலயே வை" என்கிறாள் அம்மா.
வங்கிச் சட்டை போட்ட சீனர் ஒருவர்
விலைப்பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்,
பின்பக்கத்தில் கோப்பி
மலிவாக இருக்கக்கூடும் என்பதுபோல.

வார் வைத்த கால்சட்டையில் வந்து நிற்கிறான்
தில் பகதூர், பெயர் அட்டையின்படி.
கோப்பி ஓ ஒன்று, சீனி வேண்டாம் என்றேன்.
அது அவனுக்கு.
தே ஒன்று, பால் குறைத்து என்றான்.
அது எனக்கு.
சொல்லி முடித்த பிறகுதான் இருவரும்
மேசைமேல் அலங்காரத்துக்கு வைத்திருந்த
தீப்பெட்டியை ஆராயத் தொடங்கினோம்.

அரைவேக்காட்டு முட்டை நான்கு வந்தது.
வெள்ளைக்கரு கொழகொழவென்று விரலில் பட்டால்
எனக்கு ஆகாது.
குணாளன் என் இரண்டையும் உடைத்து ஊற்றி,
கிச்சாப் நான்கு சொட்டு, மிளகுத்தூள் ஒரு தட்டு,
பீங்கானை என் பக்கம் தள்ளிவிட்டு
தன் கையையே பார்த்தான்
வேறு யாரோ செய்துவிட்டதுபோல.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சூடு ஆறுமுன் குடித்தேன்.

காயா ரொட்டி நன்றாகத்தான் இருந்தது.
பழசு வேஷம் போட்ட கடையில்
அது மட்டும் இன்றைக்குச் சுட்டது.

கூட்டு மனு என்று அதற்குப் பெயர்.
இரண்டு பேரும் சம்மதித்து, சேர்ந்து கொடுப்பது,
வக்கீலம்மா விளக்கினார்.
வீட்டுக் கடனுக்குப் பிறகு
நாங்கள் சேர்ந்து போட்ட கையெழுத்து.

தில் பகதூர் திரும்பி வந்தான், கழுத்தில் கேமராவோடு.
ஜோடியாக வருகிறவர்களுக்கு ஒரு படம் இலவசமாம்,
சுவரில் மாட்டுவார்களாம்.
வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன்,
அது சிரிப்பாக விழுந்திருக்கும்.
குணாளன் காலரில் இருந்த ரொட்டித்தூளைத் தட்டிவிட
என் கை அப்போது
பாதி தூரம் போயிருந்தது.
பளிச்.
கேமரா நாக்கை நீட்டியதுபோல்
வெள்ளையாய் ஒரு சதுரம்.
"மெதுவாதான் வரும், அக்கா."

நிமிர்ந்தால் கடிகாரத்தில் மணி பத்து பத்து!
நாற்காலி உருள எழுந்தோம், இருவரும் ஒரே நேரத்தில்.
அது ஓடாத கடிகாரம்.
போனில் எட்டு நாற்பத்தெட்டு.
"நேரம் இருக்கு" என்றான்.
"இல்ல" என்றேன்.

கல்லாவில் பில் சேர்த்தா தனித்தனியா என்று கேட்டார்கள்.
சேர்த்து, அவன். தனியா, நான்.
கல்லாப் பெண் எங்களை விட்டுவிட்டு
அடுத்தவருக்கு மீதிச் சில்லறை கொடுத்தாள்.
முப்பத்தொன்பது வெள்ளி அறுபது காசை
எப்படிப் பிரித்தோம் என்பது நினைவில்லை.

வாசலருகே நாற்பது ஜோடிகளுக்கு நடுவில்
துணிக் கிளிப்பில் தொங்கியது எங்கள் சதுரம்.
எங்கள் இரண்டு பேரையும் இன்னும் காணோம்.
மூலையில் மட்டும்
தொலைபேசியின் கறுப்பு
தெரிய ஆரம்பித்திருந்தது.

நீதிமன்ற வாசலுக்கு எட்டரை நிமிடம் ஆனது.
நான் பார்த்தேன். அவனும் பார்த்தான்.