அடி

ஸ்டெஃபிஸ்பூர்க்கில் சுல்க் ஆற்றோரம் எங்கள் பட்டறை.
பத்தொன்பது வருடமாக நான் அங்கே
சன்னங்களைத் தலைகீழாய் நிறுத்திப் பார்க்கிறேன்.

பார்க்க வருகிறவர்கள் நுனியைத்தான் தொடுவார்கள்.
தொட்டுவிட்டு விரலை ஊதுவார்கள்,
சுட்டுவிட்டது போல.
நுனி கொஞ்சம் நசிந்தாலும் சன்னம் பொறுத்துப் போகும்.
அடியில் மயிரளவு பிசிறு இருந்தால் போகாது.

ரெகுலா ட்ஸ்பிண்டன் நம்பவில்லை.
ஒரு சனிக்கிழமை
பத்துச் சன்னத்தின் நுனியை அரத்தால் மழுக்கினாள்,
வேறு பத்தின் அடியில் ஒரே ஒரு ஓரத்தைச் சுரண்டினாள்.
முந்நூறு மீற்றர்.
நடுவில் புல்வெளி, மாட்டு மணிகள் நிற்கவில்லை.
மழுங்கிய பத்தும் ஒரு கோப்பித் தட்டுக்குள் அடங்கின.
சுரண்டிய பத்தும்
கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மாதிரி திசைக்கொன்று.
ஒன்று தாளிலேயே இல்லை.

காரணம் சின்னது.
குழலைக் கடைசியாய்த் தொட்டுவிட்டு வருவது அடிதான்.
அது வாயைத் தாண்டும் கணத்தில்
பின்னால் அடைபட்டிருந்த வாயு
சன்னத்தை முந்திக்கொண்டு பாயும்.
அடி நேராய் இருந்தால்
சுற்றிலும் ஒரே நேரம் கதவு திறக்கும்.
ஓரம் குறைந்திருந்தால் அந்தப் பக்கம் முதலில்.
ஒரு தள்ளு.
கண்ணுக்குத் தெரியாத தள்ளு,
தாளில் போய் அது மூன்று விரல்.

தட்டையான அடி கிட்டத்துக்கு நல்லது,
புறப்படும்போது தடுமாறாது.
வள்ளத்தின் பின்புறம் போல ஒடுங்கிய அடி
தூரத்துக்கு; காற்று அதைப் பிடித்து இழுப்பது குறைவு.
ஆனால் ஒடுக்கம் கோணினால்
வாயு அதன் முதுகில்
கூடுதல் நேரம் கை வைத்திருக்கும்.
அப்படியென்றால் எது நல்லது, என்றாள்.
எவ்வளவு தூரம் போகிறாய், என்றேன்.

எங்கள் மொழியில் காலும் அடி,
வாங்குவதும் அடி, செய்யுளின் வரியும் அடி
என்று அவளுக்குச் சொல்லப்போய்ப் பாதியில் விட்டேன்.
ஜேர்மனில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல்.

என் இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு தழும்பு.
பேர்ன் ஆஸ்பத்திரியில் படத்தைப் பார்த்த டொக்டர்
முள்ளந்தண்டிலிருந்து மூன்று விரல், என்றார்,
அதிர்ஷ்டம்.

அதிர்ஷ்டத்தை அளந்து பார்க்காமல்
கையெழுத்துப் போடுகிறவள் இல்லை நான்.
சுட்டவனின் கை நடுங்கியிருக்கலாம்.
நான் ஓடுகையில் இடறியிருக்கலாம், ஞாபகம் இல்லை.
ஆனாலும் எனக்குத் தெரிந்த விஷயம் அடி,
ஆகவே இப்படி வைத்துக்கொள்கிறேன்:
எங்கோ ஒரு நாட்டில், இதே போல் விளக்கடியில்,
வெள்ளிக்கிழமை பின்னேரம்
ஒருத்திக்குக் கண் சொக்கியது.
ஒரு கோணல் அடி அவளைத் தாண்டிப் போனது.

எனக்கு இங்கே கண் சொக்குவதில்லை.
அதுதான் உறுத்துகிறது.
எங்கள் சன்னம் தாளுக்கு மட்டும் என்று
ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது.
வாசித்துத்தான் வேலைக்குச் சேர்ந்தேன்.
தாளுக்கு மட்டும் என்பது
சன்னத்துக்குத் தெரியுமா என்று அங்கே எழுதவில்லை.

இன்றைய கழிவு நானூற்றுப் பன்னிரண்டு.
ரெகுலா தராசைப் பார்த்து முகம் சுளிக்கிறாள்:
நுனியெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது?

உருக்கப் போகும் வாளியை
இரண்டு கையாலும் தூக்கினேன்.
இடது தோள்
கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.