இருபது கிராமுக்குக் கீழே

மூன்று நாள் நான் கண்டுபிடிப்பாளனாக இருந்தேன்.
தொலைவு கூடக்கூட
விண்மீன் திரள்களின் சராசரி ஒளி
புதுப்பாலத்துச் சரிவுபோல
திரையில் ஏறிக்கொண்டே போனது.
ஆதிப் பிரபஞ்சம் கொஞ்சம் பகட்டுக்காரி என்று
செண்பகவல்லியிடம் சொன்னேன்.
விடிகாலை மூன்றரை.
முகூர்த்த நாளென்றால் மாட்டுத்தாவணியில்
அண்ணன் பூக்கடைக்கு அவள்தான் கணக்கு.
"தூரத்துல இருக்கிறதெல்லாம் பெருசாவா இருக்கும்?"
ஒற்றைச் செருப்பைத் தேடியபடி கேட்டாள்.
ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, வெயிலுக்கு முன்னால்,
ஆனைமலை ஏறினோம்.
மேலே மூச்சு வாங்கி நின்று பார்த்தால்
கோபுரங்கள், செல்போன் கம்பங்கள்,
ஒரு தண்ணீர்த் தொட்டி,
ஏதோ ஆஸ்பத்திரியின் பச்சை எழுத்து.
அவ்வளவுதான் மதுரை.
இங்கிருந்து கணக்கெடுத்தால்
நூறடிக்குக் குறைந்து இவ்வூரில் யாரும் எதுவும் கட்டவில்லை.
"நம்ம வீடு?" என்றாள்.
செல்லூர்ச் சந்தையே காணோம்.

பாறை இன்னும் குளிர்ந்திருந்தது.
எனக்கு வியர்த்தது.
பிரபஞ்சம் ஏறவில்லை,
வாசற்படிதான் ஏறியிருக்கிறது.
தள்ளித் தள்ளிப் போகப் போக
உள்ளே வர இன்னும் இன்னும் பிரகாசம் வேண்டும்.
மங்கலானவை வெளியிலேயே நின்றுவிட,
வந்தவற்றை மட்டும் வரிசையில் நிறுத்தி அளந்து
ஆகா என்றிருக்கிறேன்.

அடுத்த முகூர்த்தத்துக்கு நானும் கடைக்குப் போனேன்.
மின்தராசின் நெற்றியில் ஒட்டியிருந்தது:
குறைந்த அளவு இருபது கிராம்.
உசிலம்பட்டிப் பக்கத்து ஒச்சம்மா
மூட்டையை நிறுத்த பிறகு
முந்தானையில் ஒட்டிக்கொண்டு வந்த பிச்சியை உதறித்
தட்டில் போட்டாள்.
சிவப்பு எண் அசையவில்லை.
"ஒண்ணுமில்லக்கா" என்றான் தராசுப் பையன்.
"மணக்குதுல்ல?" என்றாள்.
செண்பகவல்லி பேரேட்டில் பூஜ்யம் போடவில்லை.
"இருபதுக்குள்ள" என்று எழுதிக்கொண்டாள்.

அன்றிரவு என் பட்டியலைத் திறந்தேன்.
பிடிபடவில்லை என்று பூஜ்யம் போட்டிருந்த
நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு வரிகளிலும்
பூஜ்யத்தை எடுத்துவிட்டு
இதற்குக் கீழே, இதற்குக் கீழே
என்று நிரப்பினேன்.
அவற்றைப் பற்றி நான் சொல்லக்கூடியது அவ்வளவே.
மீதி என் கருவியைப் பற்றி.

பிறகு, பக்கத்தில் இருந்ததாலேயே சிக்கிக்கொண்ட
ஒரு மங்கல் திரள்.
பெயரில்லை, ஆறிலக்க எண்.
இன்னும் சற்றுத் தள்ளியிருந்தால் தப்பியிருக்கும்.
கணக்குப்படி அது ஒன்றல்ல.
வராத முந்நூற்று நாற்பதுக்கும் சேர்த்து
அதுதான் கையெழுத்துப் போட வேண்டும்.
தாங்குமா என்று தெரியவில்லை.
அதை நான் தப்பாக அளந்திருந்தால்
முந்நூற்று நாற்பது மடங்கு தப்பு.

சரிவு படுத்துவிட்டது.
வைகை மணல்போல ஒரு தட்டைக் கோடு,
மேலும் கீழும் பிழை முட்கள்.
கட்டுரைக்கு வைத்திருந்த தலைப்பு வீண்.

திங்கட்கிழமை மேலூர் பஸ்.
ஆனைமலை ஜன்னலில் வந்து, நின்று, போனது.
மேலே யாராவது இருந்தால்
எங்களைத் தெரியாது.
கண்டக்டர் விரலை நீட்டி நீட்டி எண்ணினார்.
படியில் தொங்கியவனைச் சேர்த்து அறுபத்தொன்று.
சந்தேகம் வந்து
மறுபடி முதலிலிருந்து.