கைப்பிரேக்

சாட்ஸ்வொர்த்தில் சமதரை கிடையாது.
ஒரு வீட்டின் தலையில் அடுத்த வீடு காலூன்றி நிற்கும்.
இங்கே வண்டி பழகுகிறவருக்கு
முதல் பாடமே மேடுதான்.

ஞாயிறு காலை ஆறு மணி.
மரச்சாமான் கடையின் காலி வாகன நிறுத்தம்.
பிரெனிஷா ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாள்.
நான் இடப்பக்கம்,
பிரேக் இல்லாத பக்கம்.

டாஷ்போர்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்,
தண்ணீர் பில்லின் முதுகில் எழுதியது.
அப்பாவுக்கான விதிகள்:
'ஸ்' என்று மூச்சை இழுக்கக் கூடாது.
கதவுப் பிடியைப் பற்றக் கூடாது.
ஒரு தடவைக்கு ஒரு விஷயம்தான் சொல்லலாம்,
அதையும் திருப்பத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.
'நான் உன் வயசில்' அறவே கூடாது.

இருபத்தாறு வருஷம் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன் நான்.
இசிப்பிங்கோ முதல் வெருலம் வரை
எந்த ரோபோ எத்தனை நொடி சிவந்திருக்கும் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
(சிக்னல் விளக்கை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வோம்.)
என் மகளோ வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி,
டயரைத் தட்டி,
குனிந்து அடியில் பார்க்கிறாள்:
எண்ணெய் ஒழுகுகிறதா,
பூனை படுத்திருக்கிறதா.
தேர்வில் இதற்கும் மதிப்பெண் உண்டாம்.
சிரித்தேன்.
தாளில் உடனே ஒரு விதி கூடியது.

மூன்றாம் வாரம் தெருவுக்கு வந்தோம்.
அன்று மின்வெட்டு.
நாற்சந்தியில் ரோபோக்கள் கண்ணவிந்து நின்றன.
முதலில் வந்தவர் முதலில் போகலாம் என்ற
ஒரே நம்பிக்கையில் எல்லோரும் நகர்ந்துகொண்டிருந்தார்கள்.
எங்கள் முறை வந்தது. சரியான மேடு.
வண்டி குலுங்கி அணைந்தது.
பின்னால் மினிபஸ் டாக்ஸி
ஹார்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை.
என் வலது கால் வெறும் ரப்பர் விரிப்பை
நசுக்கிக்கொண்டிருந்தது.
அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

தாளைப் பார்த்தேன்.
அடியில் ஒரு வரி. மகளின் கையெழுத்து இல்லை.
சற்றே சாய்ந்த எழுத்து,
மளிகைச் சீட்டில் வாராவாரம் நான் பார்ப்பது:
'இறங்கு என்று சொல்லக் கூடாது.'

இதே மேடுதான். பிரெனிஷா பிறக்கும் முன்.
தேவகி ஓட்ட, பழைய டட்சன்
இரண்டு சாண் பின்னால் உருண்டு
யாரோ வீட்டு கேட்டில் முட்டியது.
கேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.
தெருவே கேட்கும்படி நான் சொன்னேன்,
இறங்கு.
இறங்கினாள்.
சாவியை பானட்டின் மேல் வைத்துவிட்டு
வீடுவரை நடந்தாள்.
'அவளுக்கு ஓட்டுவதில் இஷ்டமில்லை' என்று
ஊரெல்லாம் சொல்லிவந்தேன்.
அவள் மறுத்ததில்லை.
கிளினிக் வேலைக்கு இன்றுவரை
போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ்.

பிரெனிஷா கைப்பிரேக்கை இழுத்தாள்.
சாவியைத் திருப்பினாள்.
கிளட்ச் கடிக்கும் இடத்துக்காக
கண்ணை மூடாத குறையாகக் காத்திருந்தாள்.
பானட் ஒரு விரற்கடை நிமிர்ந்தது.
போய்விட்டோம்.
டாக்ஸிக்காரன் எங்களைத் தாண்டும்போது
ஒரு விரலைக் காட்டினான்.
எந்த விரல் என்று நான் பார்க்கவில்லை.
"மூச்சு விடுங்கப்பா" என்றாள்.

டிசம்பரில் தேறினாள்.
பின்கண்ணாடியின் எல் ஒட்டுத்தாளை
நகத்தால் உரிக்கப் போனபோது
சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது:
"இருக்கட்டும் அது."
மகள் என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

மறுவாரம், விடிகாலை நாலு மணி,
பேக்கரிக்குக் கிளம்ப வேண்டும்.
என்னவோ தோன்றி வண்டியைச் சுற்றி வந்தேன்.
குனிந்தும் பார்த்தேன். பூனை இல்லை.
ஏறி உட்கார்ந்தால்
முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன.

பிரெனிஷா என் உயரம்.

இருட்டில் கீழே துழாவி
இருக்கையைப் பின்னால் தள்ளினேன்,
ஒவ்வொரு பல்லாக, எண்ணிக்கொண்டே.
நாலு.
சாயங்காலம் திரும்பியதும்
அதே நாலு முன்னால் நகர்த்தி வைக்க வேண்டும்.